விழாத கேட்டுக்கு மதிப்பெண் இல்லை

அந்தப் பொறியியல் கல்லூரியில் இயந்திர வடிவமைப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் செய்த முதல் தவறு, ஒருநாள் வகுப்பை நன்றாக நடத்தியது. அதுவரை அவளால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. குறிப்பைப் பார்த்துப் பலகையில் எழுதுவாள். மாணவர்கள் பலகையைப் பார்த்து எழுதுவார்கள். பரீட்சையில் அதையே அவளுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். மதிய வகுப்பென்றால் கடைசி பெஞ்சுகள் தூங்கும், அவளுக்கும் கொட்டாவி வரும். யாரும் யாரையும் குறை சொன்னது கிடையாது.

அவளுடைய கொழுந்தன் தண்ணீர் பம்ப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அவன் ஒருமுறை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போன உடைந்த ஷாஃப்ட் ஒன்று அவள் காலில் இடறியது. கட்டைவிரல் கனமுள்ள இரும்புத் தண்டு, நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. என்ன தோன்றியதோ, அதைத் துணிப்பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனாள். மாணவர்களை நாலு நாலு பேராக உட்காரச் சொல்லி, கையில் கொடுத்து, இது ஏன் உடைந்தது என்று மட்டும் கேட்டாள்.

யாரோ சுத்தியலால் அடித்திருப்பார்கள் என்றான் ஒருவன். கீழே போட்டிருப்பார்கள் என்றான் இன்னொருவன். அதிகம் பேசாத ஒரு பெண் மட்டும் கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு முறிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு பக்கம் சிப்பியின் உட்புறம் மாதிரி வழவழவென்று கோடு கோடாக இருக்கிறது, மறுபக்கம் சொரசொரப்பாக இருக்கிறது, ஏன் என்று கேட்டாள். அந்த வழவழப்புதான் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல், சொரசொரப்பு அது கடைசியாக ஒரே நொடியில் முறிந்த இடம். அதை விரிவுரையாளர் சொல்லவில்லை. அவர்களே சண்டை போட்டு, தரையில் மண்டியிட்டுச் சாக்பீஸால் படம் வரைந்து, கண்டுபிடித்தார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கல்லூரியில் அப்படி நடந்ததே கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அன்றிலிருந்து டார்ச் என்று பெயர் நிலைத்துவிட்டது.

சத்தம் கேட்டுத் திட்டுவதற்காக உள்ளே வந்தார் கல்லூரி இயக்குநர். மாணவர்கள் தரையில் கிடப்பதைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். அவள் மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். இது இரண்டாவது தவறு.

"உடைஞ்சதை வெச்சுப் பாடம். அதுவும் டீமா," என்று இயக்குநர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போனார். அடுத்த வாரமே 'தோல்வி வழிக் குழுக் கற்றல் மையம்' தொடங்கப்பட்டதாகச் சுற்றறிக்கை வந்தது.

தொடக்க விழாவில் இயக்குநர் ஆற்றிய உரையைக் கல்லூரி இன்றும் மேற்கோள் காட்டுகிறது. "இதுவரைக்கும் நம்ம கல்லூரியில தோல்விங்கிறது அவரவர் இஷ்டத்துக்கு, ஒழுங்கில்லாம நடந்துக்கிட்டிருந்தது. இனிமே அது ஒரு அமைப்புக்குள்ள வரும். ஒவ்வொரு துறையும் இத்தனை தோல்வின்னு காட்டியாகணும். காட்டாத துறை தோத்துப்போனதா கருதப்படும்." கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மையத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்தார்கள். ஆளுமைப் பயிற்சி கொடுத்துப் பழகியவர். நல்ல மனிதர்தான், யார்மேலும் கோபப்பட மாட்டார், நாலு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் வட்டமாக நின்று கைகோக்கச் சொல்லுவார், அவ்வளவுதான். இயந்திரங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் தம்மால் விருப்பு வெறுப்பில்லாமல் அணுக முடிகிறது என்று அவரே சொன்னார்.

நாலு பேர் குழு போதாது என்று முதலில் முடிவாயிற்று. குழுவுக்குத் தலைவர் வேண்டும். தலைவர் வராத நாளுக்குத் துணைத்தலைவர் வேண்டும். நேரம் பார்க்க ஒருவர், பேசுவதை எழுத ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க ஒருவர், கருத்து வேறுபாடு வந்தால் தீர்த்துவைக்க ஒருவர், வராவிட்டால் உண்டாக்க ஒருவர் என்று நியமித்தார்கள். மிச்சமிருந்த ஒருவருக்குப் 'பொருள் பார்ப்பவர்' என்று பெயர். உடைந்த பொருளைப் பார்க்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். அதில் முன்னேற வாய்ப்பில்லை என்பதால் யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்கவில்லை. டார்ச் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆனால் பார்க்கப் பொருள் இல்லை. அந்த ஷாஃப்ட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் வைத்து, விளக்குப் போட்டு, இயக்குநர் அறையின் முன்கூடத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். துருப் பிடித்தாற்போல் இருக்கிறதென்று வெள்ளிநிறப் பெயிண்டும் அடித்தார்கள். வழவழப்பு எது, சொரசொரப்பு எது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. மாணவர்களுக்கு அதன் புகைப்படம் கொடுக்கப்பட்டது.

மற்றத் துறைகள் பட்ட பாடு தனி. கணினித் துறை எழுத்து அழிந்த விசைப்பலகை ஒன்றைக் கொடுத்துத் தப்பித்தது. கட்டடத் துறைத் தலைவர் தங்கள் கட்டடங்கள் எல்லாம் நின்றுகொண்டிருப்பதாகச் சொல்லித் தலையைக் குனிந்தார். அவருக்கு முனைப்பு போதவில்லை என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு பழைய இரும்பு வியாபாரியைப் பிடித்து, 'தோல்வி வழங்குநர்' என்று அடையாள அட்டை கொடுத்து, மாதாமாதம் உடைந்த பொருள் தரச் சொன்னார்கள். அவர் நேர்மையாகத் தேய்ந்து போன பற்சக்கரங்களைக் கொண்டுவந்தார். பார்வைக்கு நன்றாயில்லை என்று ஒருங்கிணைப்பாளர் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை பளபளவென்று புதுச் சக்கரங்கள் வந்தன, எல்லாம் நடுவில் பிளந்தவை. சுத்தியல் பட்ட தடம் அப்படியே தெரிந்தது.

"சார், இதெல்லாம் தானா உடைஞ்சதில்ல. உடைச்சது," என்றாள் விரிவுரையாளர்.

"ரிசல்ட் ஒண்ணுதானே மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர், புன்னகை மாறாமல்.

மையத்தின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டுமென்று இயக்குநர் ஆசைப்பட்டார். கல்லூரியின் நுழைவாயிலில் ஒரு பெரிய இரும்பு கேட் இருந்தது. அடியில் சக்கரங்கள், தரையில் தண்டவாளம். பக்கவாட்டில் ஓடும் வகை. அந்த கேட்டின் உச்சியில், சாலையைப் பார்த்த பக்கத்தில், 'தோல்வியே ஆசான்' என்று ஆளுயர எஃகு எழுத்துகளைப் பதித்தார்கள். இயக்குநருக்குப் பரம திருப்தி.

கேட்டுக்குக் காவலாக ஒருவர் இருந்தார். சல்யூட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கார் வந்தாலும் அடிப்பார், சைக்கிள் வந்தாலும் அடிப்பார், தபால்காரருக்கும் அடிப்பார். எழுத்துகள் வந்தபிறகு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே, எழுத்துகளுக்கு நேர் கீழே வந்து நிற்க ஆரம்பித்தார். அங்கே நின்றால்தான் சாலையில் போகிறவர்களுக்குத் தம்மையும் தெரியும் என்று விரிவுரையாளரிடம் சொன்னார்.

புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்த டார்ச் ஒரு காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே விரிவுரையாளரின் அறைக்கு வந்து, கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டாள். கேட் கவிழாமல் நிற்பதற்கு அதன் மேல்விளிம்பை இரண்டு பக்கமும் ரோலர்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ரோலர்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் தூணோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அந்த வெல்டிங்கில்தான் டார்ச் விளக்கைக் காட்டினாள். முடி போல ஒரு கோடு. விரிவுரையாளர் கல்மேல் ஏறி நின்று நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே போயிற்று. எழுத்துகளின் கனம் கேட்டைச் சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அந்தச் சட்டம் விட்டுவிட்டால் கேட் வெளிப்பக்கம் சாயும். வெளிப்பக்கம் சல்யூட் நின்றுகொண்டிருந்தார், இவர்களைப் பார்த்ததும் ஒன்று அடித்தார்.

விரிவுரையாளர் பராமரிப்புப் பிரிவில் சொன்னாள். எழுத்துகளை மாட்டியது மையம், ஆகவே கேட் இப்போது மையத்தைச் சேர்ந்தது என்றார்கள். மையத்துக்குப் போனாள். ஒருங்கிணைப்பாளர் உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, முழுவதும் கேட்டார். கேட்கும்போது தலையை ஆட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுப்பவர் ஆதலால் மிக நன்றாக ஆட்டினார்.

"நல்ல அப்சர்வேஷன் மேடம். ஆனா நம்ம திட்டம் நடந்து முடிஞ்ச தோல்விக்குத்தான். இது இன்னும் நடக்கலையே."

"நடந்தா ஆள் மேல விழும் சார்."

"விழட்டும்னு நான் சொல்லல. விழுந்தாத்தான் எங்க திட்டத்துக்குள்ள வரும்னு சொல்றேன்."

ஆனாலும் அவர் இயக்குநரிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். இயக்குநர் அவளை அழைத்தார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்த கவலை இல்லை. எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கீகாரக் குழு பரிசோதனைக்கு வரப்போகிறது, இதுவரை காட்டுவதற்கு வெளியிலிருந்து வாங்கிய தோல்விகள்தான் இருந்தன என்றார்.

"இது நம்ம சொந்தத் தோல்வி மேடம். நம்ம வளாகத்துல, நம்ம கேட்ல, நம்ம மாணவியே கண்டுபிடிச்சது. வேற எந்தக் கல்லூரிக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு? இதைப் போய் வெல்டிங் வெச்சு அடைக்கச் சொல்றீங்களே."

கேட்டை ரிப்பேர் செய்யக்கூடாது, வழக்கம்போல் திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வின் தூய்மை கெடும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. விரிசலைக் கண்காணிக்க எட்டுப் பேர் குழு அமைந்தது. வாராவாரம் அதன் நீளம் அளக்கப்பட்டு வரைபடமாக வரவேற்பறையில் தொங்கியது. மேலே ஏறும் கோட்டைப் பார்த்து, மாணவர் சேர்க்கை என்று நினைத்துப் பெற்றோர் மகிழ்ந்தார்கள்.

விரிவுரையாளர் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்டார்கள். இன்னும் நடக்கவில்லை என்றதும், நடந்ததும் உடனே தெரிவிக்கும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் கணவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, அத்தோடு உன் பொறுப்பு முடிந்தது, நிம்மதியாகச் சாப்பிடு என்றார்.

"நான் சொன்னது அந்த விரிசலுக்குக் கேக்கலையே," என்றாள் அவள்.

சல்யூட்டிடம் தினமும் காலையில் சொன்னாள். அண்ணே, அந்தப் பக்கம் நிக்காதீங்க, உள்பக்கம் வந்து நில்லுங்க. அவர் சரி டீச்சரம்மா என்று இரண்டடி நகர்வார். அடுத்த கார் வந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். உள்ளே நின்றால் கும்பிடத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனை வெல்டிங் இயந்திரத்தோடு கூட்டிக்கொண்டு கேட்டுக்கே போனாள். அரைமணி நேர வேலை என்று அவன் சொன்னான். வேனிலிருந்து இயந்திரத்தை இறக்கும்போது சல்யூட் குறுக்கே வந்து நின்றார். அவருக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க டீச்சரம்மா. பாஸ் இல்லாம மெஷினை வைக்க விட முடியாது. நீங்கன்னு இல்ல, எங்க அப்பாவே வந்தாலும் விடமாட்டேன்."

"உங்களுக்காகத்தான் அண்ணே."

"எனக்காக ரூலை மீறினா நல்லாருக்குமா?"

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார், கேட்டதால் விஷயம் பதிவாகிவிட்டது. திங்கட்கிழமை அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. 'நிறுவனத்துக்குச் சொந்தமான தோல்வியை விடுமுறை நாளில் அழிக்க முயன்றது' என்று குற்றச்சாட்டு. அவள் மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அங்கீகாரக் குழு வந்த நாளில் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் விருந்தினர்கள். கயிற்றுக்கு அப்பால் எட்டுப் பேர் குழுக்கள் தத்தம் பொறுப்பை எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றன. சல்யூட்டை அன்று ஒருநாள் மட்டும் உள்ளே போய் நிற்கச் சொல்லியிருந்தார்கள், புகைப்படத்தில் மறைக்கிறார் என்று. மோட்டாரைப் போட்டார்கள். கேட் வெண்ணெய் போல் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. விருந்தினர்கள் பழச்சாறு குடித்தார்கள். வெயில் ஏறிற்று. அங்கீகாரக் குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எப்போது விழும் என்று கேட்டார். இயக்குநர் விரிவுரையாளரின் பக்கம் திரும்பினார்.

"எப்ப விழும்?"

"அது யாராலயும் சொல்ல முடியாது சார். இன்னைக்கு ஆளுங்க வந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது."

மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். கேட் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிற்று. 'தோல்வியில் நேரந்தவறாமை இல்லை' என்று குழு எழுதிவிட்டுப் போயிற்று. அன்று மாலை இயக்குநர் அவளிடம் பேசியபோது குரல் உடைந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் தம் மானம் போய்விட்டது, ஒரு விழுகையைக்கூட ஒழுங்காகத் திட்டமிடத் தெரியாத ஆசிரியரை வைத்துக்கொண்டு தாம் என்ன செய்வது என்று கேட்டார். அவள் இதையே வாய்ப்பாக நினைத்து, ஆய்வுதான் முடிந்துவிட்டதே, இனியாவது வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டாள்.

பக்கத்திலிருந்த ஒருங்கிணைப்பாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். 'போதிய தோல்வி இல்லை' என்று ஆய்வை மூடியாகிவிட்டது. ஆகவே ஆவணங்களின்படி விரிசல் என்று ஒன்று கிடையாது. இல்லாத விரிசலைச் சரிசெய்ய எந்தத் தலைப்பில் அனுமதி கேட்பது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவளிடமே யோசனை கேட்டார்.

கண்காணிப்புக் குழுவைக் கலைத்து, வரைபடத்தையும் கழற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சாதாரண நாள். மின்சாரம் போயிருந்தது. தண்ணீர் லாரி ஒன்று வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். சல்யூட் வெளிப்பக்கம் நின்று தோளைக் கொடுத்துக் கேட்டைத் தள்ளுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. அண்ணே என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினாளா இல்லையா என்பது பிற்பாடு அவளுக்கே நிச்சயமில்லை. மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பென்சில் முறிகிற மாதிரி. கேட் அவசரமே இல்லாமல் சாய்ந்தது. எழுத்துகள்தான் முதலில் தரையைத் தொட்டன.

அவர் இடுப்புவரை வெளியே வந்துவிட்டார். ஒரு கால் அடியில் மாட்டிக்கொண்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

லாரி ஓட்டுநர் கதவைத் திறந்தபடியே குதித்தார். எதிர்க்கடையில் தேநீர் போடும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். டார்ச் வந்தாள், பஸ்ஸிலிருந்து இறங்கிய மாணவர்கள் புத்தகப்பைகளைச் சாலையில் எறிந்துவிட்டு வந்தார்கள், மகனைச் சேர்க்க விவரம் கேட்க வந்த ஒரு தகப்பனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். விளிம்பு நெடுகக் கைகள் போய் உட்கார்ந்தன. யாரோ தூக்கு என்றார்கள். முதல் தடவை அசையவில்லை. இந்தப் பக்கம் ஆள் அதிகம், அந்த முனைக்குப் போங்க என்றாள் டார்ச், சிலர் ஓடினார்கள். இரண்டாம் தடவை ஒரு சாண் எழுந்தது. லாரி ஓட்டுநர் அவரைத் தோளுக்கடியில் பிடித்து இழுத்தார். விரிவுரையாளரின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, ஆஸ்பத்திரியில்தான் கவனித்தாள்.

ஒருங்கிணைப்பாளர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இது எந்தக் குழு என்று கேட்டார்.

விரிவுரையாளரின் அக்கா அதே ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். சாயங்காலம் வெளியே வந்து, தங்கையின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "காலை எடுக்க வேண்டியதில்லடீ. ஆனா இனிமே நின்னு பாக்குற வேலை எதுவும் அவரால முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? கேட்டுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டார்," என்றாள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநரின் முகத்தில் பழைய ஒளி திரும்பியிருந்தது. கடைசியில் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு தோல்வி கிடைத்துவிட்டது, அதுவும் தரமானது. விரிவுரையாளர் குழுமுன் போய் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். உண்மையைச் சொன்னால் போதும் என்று அப்போதும் நம்பினாள். ஒருங்கிணைப்பாளர்தான் கேள்வி கேட்டார்.

"அந்த இடத்துல நிக்கக் கூடாதுன்னு காவலாளிகிட்ட சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன் சார். தினமும் சொன்னேன்."

"தெளிவா சொன்னீங்களா? அவருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"ரொம்ப நன்றி," என்றார் அவர். எழுதிக்கொண்டார்கள்.

அறிக்கை பெரிய அரங்கில் வாசிக்கப்பட்டது. வெல்டிங் விட்டது வெளிப்படையான அறிகுறி மட்டுமே. அடிப்படைக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தினமும் தெளிவாக எச்சரிக்கப்பட்டும் காவலாளி அதே இடத்தில் நின்றது, இதற்கு விரிவுரையாளரின் வாக்குமூலமே சான்று. இரண்டாவது, எச்சரிக்க அதிகாரமில்லாத விரிவுரையாளர் உரிய வழியில் போகாமல் வாய்மொழியாக எச்சரித்ததால், எச்சரிக்கை தன் வலிமையை இழந்தது. விரிசலைத் தனியாகப் போய்ப் பார்த்த மாணவிக்குக் குழு உணர்வு இல்லையென்றும் ஒரு வரி இருந்தது. அவளுக்கு அந்தப் பாடத்தில் தேர்ச்சி கிடைக்கவில்லை. சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். போகும்போது விரிவுரையாளரிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். இருவரும் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

புது கேட் வந்தது. எழுத்துகள் பழையவைதான், நெளிந்ததை நிமிர்த்தி, இன்னும் கனமான சட்டத்தில் மாட்டினார்கள். அடுத்த பருவத்திலிருந்து அந்த விபத்தே பாடமாயிற்று. அறிக்கையை அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அதை நடத்தும் பொறுப்பு விரிவுரையாளருக்கு வந்தது. அவளைவிட விவரம் தெரிந்தவர் யார் என்று இயக்குநர் பெருந்தன்மையோடு சொன்னார். தன்னால் விபத்து எப்படி நேர்ந்தது என்று ஒவ்வொரு பிரிவுக்கும் போய் விளக்கினாள். வேலையை விட்டுவிடுவதாக வீட்டில் பலமுறை சொன்னாள். கணவரும் விட்டுவிடு என்றார். மறுநாள் காலையில் பஸ்ஸைப் பிடிக்கத்தான் நேரம் இருந்தது.

ஒருநாள் சிறப்பு விருந்தினராகச் சல்யூட்டையே வகுப்புக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மேடையில் அவருக்கு நாற்காலி போடவில்லை, பேச்சாளர்கள் நின்றுதான் பேச வேண்டும் என்பது மையத்தின் நடைமுறை. விரிவுரையாளர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருங்கிணைப்பாளர் எதையோ குறித்துக்கொண்டார். மாணவர்கள் அச்சடித்த கேள்விகளைக் கேட்டார்கள். கேட் சாயும்போது உங்கள் குழு மனப்பான்மை எப்படி இருந்தது என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவர் கட்டைகளை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் பேசினார்.

"டீச்சரம்மா தினமும் சொன்னாங்க, தள்ளி நில்லுன்னு. நான்தான் கேக்கல. தப்பு என் மேலதான். காலேஜ் மேல ஒரு குத்தமும் இல்ல."

மனப்பாடம் செய்து சொன்ன மாதிரி இல்லை. மனதாரச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிரிவுக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

சல்யூட்டைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டிப்போனாள் விரிவுரையாளர். பாதிப் படியில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. அந்த வெல்டிங் போச்சு. எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் விட்டாங்க."

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "விடுங்க டீச்சரம்மா. எழுதிட்டாங்கல்ல," என்றார். அவளைத் தேற்றுகிற குரலில்தான் சொன்னார்.

ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வகுப்பில் மாணவர்கள் எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து அறிக்கையிலிருந்து அடிப்படைக் காரணங்களைத் தாளில் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பலகையை அழித்தாள். ஒரு தூண் வரைந்தாள், அதில் ஒரு சட்டம் வரைந்தாள், இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று போட்டாள். இந்தக் கோடு முதல் நாள் எவ்வளவு நீளம் இருந்தது, யார் யாருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லப்போவதாகச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு மாணவன் மரியாதையோடு எழுந்து நின்றான்.

"மேடம், இது எக்ஸாம்ல வருமா?"

"வராது," என்றாள்.

பேனாக்களை மூடும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் சொல்ல ஆரம்பித்தாள்.